ஆடினால் அபராதம்: நியூயார்க்கில் 91 வருஷம் இருந்த கேபரே சட்டம்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு ஒரு சின்ன சம்பவத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

2012-ல ஆபீஸ் வேலையா மூணு மாசம் நியூயார்க்கில் இருந்தேன். கூட வேலை பார்த்த மதுரைக்காரப் பையனுக்கு அன்னைக்குப் பிறந்தநாள். ப்ரூக்ளினில் ஒரு சின்ன பாருக்குப் போனோம். மூலையில் ஒருத்தர் பழைய இசைத்தட்டுகளைப் போட்டுக்கிட்டு இருந்தார். நல்ல பாட்டு. நம்ம ஆள் உட்கார்ந்த இடத்திலேயே தோளை ஆட்ட ஆரம்பிச்சான், அப்புறம் எழுந்துட்டான், பின்னாடியே நாங்க ரெண்டு பேரும் எழுந்தோம். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பாரில் சரக்கு ஊத்துறவர் வந்து, ரொம்ப மரியாதையா, "ஆடாதீங்க சார், உட்கார்ந்துக்கோங்க" என்று சொல்லி சுவரைக் காட்டினார். அங்கே ஒரு போர்டு: இங்கே ஆடக் கூடாது.

நாங்க முதலில் ஜோக்குன்னு நினைச்சோம். ஆனா பிறந்தநாள்காரன் முகம் சுண்டிப்போச்சு. வெளியே வந்ததும், "நம்ம கலரைப் பார்த்துத்தான்டா சொல்றான்" என்றான். நான், "இல்லடா, ஏதோ சட்டம்னு சொல்றாரு, இன்ஸ்பெக்டர் வந்தா அபராதம் போடுவாங்களாம்" என்றேன். அவன் நம்பவே இல்லை. உலகத்திலேயே தூங்காத நகரம்னு பேர் வாங்கின ஊரில், காசு கொடுத்து குடிச்சிட்டு இருக்கிற ஆள் எழுந்து நின்னு ஆடக் கூடாதுன்னு ஒரு சட்டமா?

இருந்தது. அதன் பெயர் கேபரே சட்டம். 1926-ல வந்து 2017 வரைக்கும் இருந்தது. அன்னைக்கு நான் சொன்னது சரியா, அவன் சொன்னது சரியா என்ற கேள்வியை அப்படியே வெச்சுக்கோங்க. கடைசியில் திரும்ப வருவோம்.

சட்டம் என்ன சொன்னது?

சாப்பாடோ குடிக்கவோ விற்கிற, பொதுமக்கள் வந்து போகிற எந்த இடத்திலும் பாட்டு, ஆட்டம், இசைக் கச்சேரி மாதிரி எதுவும் நடக்கணும்னா, அதுக்குத் தனியா ஒரு கேபரே லைசென்ஸ் வேணும். 1926-ல நகர சபை போட்ட சட்டத்தின் சாரம் இவ்வளவுதான்.

இதைச் சாராய லைசென்ஸோடு குழப்பிக்கக் கூடாது. சாராய லைசென்ஸ் கொடுப்பது மாநில அரசு. கேபரே லைசென்ஸ் கொடுப்பது மாநகராட்சி. மூணாவதா ஒண்ணு இருக்கு: எந்தத் தெருவில் எந்த மாதிரி வியாபாரம் நடக்கலாம் என்று சொல்கிற மண்டல விதி. பாருக்கு ஒத்துக்கிற தெரு, ஆடுகிற இடத்துக்கு ஒத்துக்காமல் போகலாம். அதனால் ஒருத்தர் முறையா வாடகை கட்டி, முறையா சாராய லைசென்ஸ் வாங்கி, சத்தம் வெளியே போகாதபடி சுவரெல்லாம் அடைச்சு வெச்சிருந்தாலும், உள்ளே நாலு பேர் ஆடினால் அவர் சட்டத்தை மீறியவர்.

இந்த மூணு பூட்டையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. ஒரு பூட்டைத் திறந்தால் மட்டும் கதவு திறக்காது என்பது கதையின் கடைசியில் தெரியும்.

ஏன் 1926?

அப்போது அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்துகொண்டிருந்தது. 1920 முதல் 1933 வரை. சட்டப்படி சாராயமே கிடையாது, ஆனால் நியூயார்க் முழுக்க ரகசிய மதுக்கூடங்கள். அதே சமயம் ஹார்லம் பகுதியில் கறுப்பின மக்களின் இசை, நடனம், எழுத்து எல்லாமே பொங்கி எழுந்த காலம் அது. சவாய் பால்ரூம் என்ற பெரிய ஆட்டக்கூடம் ஹார்லமில் திறந்ததும் அதே 1926, மார்ச் மாசம்தான். அங்கே கறுப்பர், வெள்ளையர் இரண்டு பேரும் ஒரே தரையில் ஆடலாம். அந்தக் காலத்து அமெரிக்காவில் அது சின்ன விஷயமே இல்லை. பக்கத்திலேயே இருந்த காட்டன் கிளப்பில் மேடையில் ஆடிப் பாடுவது கறுப்பினக் கலைஞர்கள், கீழே உட்கார்ந்து பார்ப்பது வெள்ளைக்காரர்கள் மட்டும்.

சட்டம் கொண்டுவந்த குழுவின் அறிக்கை, இரவு விடுதிகளில் கும்மாளம் எல்லை மீறிப் போகுது, வெளியூரில் இருந்து வரும் அடங்காத ஆட்களுக்கும் உள்ளூர் முட்டாள்களுக்கும் கொஞ்சம் கடிவாளம் போடணும் என்ற தொனியில் பேசியது. இனம் என்ற சொல் சட்டத்தில் கிடையாது. ஆனாலும் ஜாஸ் கிளப்புகளையும், அங்கே கறுப்பரும் வெள்ளையரும் கலந்து பழகியதையும் குறிவெச்சுத்தான் இது வந்தது என்று இதை ஆராய்ந்த பலரும் சொல்லியிருக்காங்க. சட்டத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைவிட, அது யார் மேல் எப்படிப் பாய்ந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கும்.

கையில் ஒரு கார்டு

1940-ல இந்தச் சட்டத்துக்கு ஒரு வால் முளைத்தது. கிளப்புக்கு லைசென்ஸ் இருந்தால் மட்டும் போதாது, அங்கே வேலை பார்க்கிற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி அட்டை வேணும். பாடகர், வாத்தியம் வாசிப்பவர், சமையல்காரர், பரிமாறுபவர் எல்லாருக்கும். போலீசில் போய்க் கைரேகை கொடுத்து, போட்டோ கொடுத்து வாங்கணும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். இதுக்குப் பேர் கேபரே கார்டு.

கார்டைக் கொடுப்பதும் பறிப்பதும் போலீஸ். ஒரு வழக்கில் பிடிபட்டால், கோர்ட் கொடுக்கிற தண்டனை ஒரு பக்கம். அதுக்கு மேல் போலீஸ் கார்டைப் பிடுங்கிக்கொண்டால், சாராயம் விற்கிற எந்த கிளப்பிலும் வாசிக்க முடியாது. ஒரு ஜாஸ் கலைஞருக்கு கிளப்தானே சம்பளம் வருகிற இடம்? நியூயார்க்தான் ஜாஸின் தலைநகரம். அங்கே கார்டு இல்லைன்னா பொழப்பே இல்லை.

மூணு பேர் கதை சொல்றேன்.

முதலில் பில்லி ஹாலிடே. 1947-ல போதை மருந்து வழக்கில் சிறைக்குப் போனார். 1948 மார்ச்சில் வெளியே வந்தார். வந்து பத்துப் பன்னிரண்டு நாளில் கார்னெகி ஹாலில் கச்சேரி, டிக்கெட் எல்லாம் வித்துப்போச்சு. அவ்வளவு பெரிய அரங்கில் பாட முடிந்தவருக்கு, நாற்பது ஐம்பது பேர் உட்காருகிற சின்ன கிளப்பில் பாட அனுமதி இல்லை. காரணம், கார்னெகி ஹால் கச்சேரி மண்டபம், சாராயம் விற்கிற கிளப் இல்லை. அதனால் கார்டு கேட்கவில்லை. ஆனால் மண்டபக் கச்சேரி வருஷத்தில் எத்தனை தடவை நடக்கும்? வாரம் முழுக்க வருமானம் கொடுப்பது கிளப். 1959-ல அவர் இறக்கும்வரைக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை.

அடுத்து சார்லி பார்க்கர். சாக்ஸபோன் மேதை. அவருடைய பட்டப்பெயர் பேர்ட். அந்தப் பெயரை வைத்து 1949-ல பேர்ட்லேண்ட் என்று ஒரு கிளப்பே நியூயார்க்கில் திறந்தார்கள். 1951-ல அவருடைய கார்டு போச்சு. தன் பெயரில் இருக்கிற கிளப்பில் வாசிக்கவே சட்டப்படி தகுதி இல்லாதவர் ஆகிட்டார். 1953-ல அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். எனக்குத் தெரிந்த தொழிலைச் செய்யும் உரிமையைத் திருப்பிக் கொடுங்க, தப்பு எதுவும் செய்யாத என் மனைவியும் குழந்தைகளும் கஷ்டப்படுறாங்க என்பதுதான் அதன் உள்ளடக்கம். நவீன ஜாஸை உருவாக்கிய ஒருத்தர், வேலை கேட்டு மனு எழுதுகிற நிலைமை.

மூணாவது, தெலோனியஸ் மங்க். பியானோ. 1951-ல அவரும் நண்பர் பட் பவலும் உட்கார்ந்திருந்த காரில் போலீஸ் போதைப் பொருளைக் கண்டெடுத்தது. அது மங்க்குடையது இல்லை என்றுதான் அவரை அறிந்தவர்கள் சொன்னார்கள். நண்பனைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று அவர் வாயைத் திறக்கவில்லை. கார்டு போச்சு. அடுத்த ஆறு வருஷம் நியூயார்க் கிளப்புகளில் அவரால் முறையா வேலை செய்ய முடியவில்லை. ரெக்கார்டு போட்டார், வெளியூர் போனார், வீட்டில் உட்கார்ந்து எழுதினார். 1957-ல கார்டு திரும்பக் கிடைத்ததும் ஃபைவ் ஸ்பாட் என்ற சின்ன கிளப்பில் மாசக்கணக்கில் வாசித்தார். கூட வாசித்தவர் ஜான் கோல்ட்ரேன். அந்தக் கச்சேரிகளைப் பற்றி இன்னைக்கும் ஜாஸ் ரசிகர்கள் பேசுறாங்க. 1964-ல மங்க் டைம் பத்திரிகையின் அட்டைக்கு வந்துட்டார். இடையில் 1951 முதல் 1957 வரை அவர் என்னென்ன வாசிச்சிருப்பார்? அதை யாருக்கும் தெரியாமல் ஆக்கியது அந்த ஒரு அட்டை.

ஃபிராங்க் சினாட்ரா மாதிரிப் பெரிய நட்சத்திரங்கள், குற்றவாளி மாதிரிக் கைரேகை கொடுக்க முடியாது என்று கார்டுக்கே விண்ணப்பிக்கவில்லை. அவருக்கு லாஸ் வேகாஸ் இருந்தது, சினிமா இருந்தது. மங்க்குக்கு என்ன இருந்தது?

1960-ல லார்ட் பக்லி என்ற மேடைக் கலைஞரின் கார்டை, பல வருஷத்துக்கு முந்தைய ஒரு கைதை மறைச்சார் என்று பறித்தார்கள். திரும்பக் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தபோதே, சில வாரங்களில், அவர் இறந்துவிட்டார். அது பெரிய சர்ச்சை ஆச்சு. கடைசியில் 1967-ல கேபரே கார்டு முறை ஒழிந்தது. ஆனால் கவனிங்க, ஒழிந்தது கார்டு மட்டும்தான். கிளப்புக்கான லைசென்ஸ் அப்படியே இருந்தது.

தந்தி வாசிக்கலாம், ட்ரம் கூடாது

லைசென்ஸ் இல்லாத சின்ன இடங்களுக்கு ஒரு விலக்கு வைத்திருந்தார்கள். சாப்பிடும்போது பின்னணியில் மெல்லிசா இசை இருக்கலாம். பியானோ, கிதார், வயலின் மாதிரித் தந்தி வாத்தியங்கள் ஓகே. ட்ரம், சாக்ஸபோன், ட்ரம்பெட் கூடாது. வாசிக்கிறவர்களும் மூணு பேருக்கு மேல் கூடாது.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஊதுகிற வாத்தியத்தையும் தாள வாத்தியத்தையும் எடுத்துட்டா ஜாஸில் என்ன மிஞ்சும்? மூணு வயலின்காரர்கள் உட்கார்ந்து ஓட்டல் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தால் சட்டப்படி சரி. ஒரு ட்ரம்காரர் குச்சிக்குப் பதிலா பிரஷ் வெச்சு மெதுவா தடவினாலும் தப்பு. சத்தம்தான் பிரச்சினை என்றால் சத்தத்தை அளந்திருக்கலாமே? அவர்கள் அளந்தது வாத்தியத்தை.

இதை உடைத்தவர் பால் செவினி என்ற சட்டப் பேராசிரியர். இசைக்கலைஞர்கள் சார்பில் வழக்கு நடத்தினார். விப்ராஃபோன் கலைஞர் வாரன் சியாசன் பெயரில்தான் அந்த வழக்கு இருக்கு. 1986-ல வாத்தியத் தடை செல்லாது என்று தீர்ப்பு. 1988-ல மூணு பேர் வரம்பும் செல்லாது. இசை என்பது கருத்து வெளிப்பாடு, அரசியலமைப்பு அதைப் பாதுகாக்கிறது என்ற வாதம் ஜெயித்தது.

அப்படின்னா ஆட்டம்? அது தனியா மாட்டிக்கிட்டு நின்னுச்சு. 1989-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் டல்லாஸ் நகரம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், மக்கள் சும்மா கூடி ஆடுவது கருத்து வெளிப்பாடு ஆகாது என்று சொல்லிவிட்டது. மேடையில் ஒருத்தர் நடனம் ஆடினால் அது கலை. கீழே நீங்களும் நானும் ஆடினால் அது வெறும் பொழுதுபோக்கு. நியூயார்க்கில் ஆட்டக்காரர்கள் சிலர் கேபரே சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டு, 2007-ல இதே காரணத்தால் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள்.

தூங்கிக்கொண்டிருந்த சட்டம் எழுந்தது

எழுபது, எண்பதுகளில் டிஸ்கோவும் ஹிப்ஹாப்பும் இந்த ஊரில்தான் வளர்ந்தன. பெரும்பாலும் யாரும் இந்தச் சட்டத்தைக் கண்டுக்கவில்லை. 1994-ல ரூடி ஜூலியானி மேயர் ஆனதும் நிலைமை மாறிச்சு. சின்னச் சின்ன ஒழுங்கு மீறல்களை விடக் கூடாது என்ற கொள்கையில், பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். பல துறை அதிகாரிகள் சேர்ந்து ராத்திரி திடீரென்று ரெய்டு வருவாங்க. போலீஸ், தீயணைப்பு, சுகாதாரம், கட்டடத் துறை எல்லாம் ஒரே நேரத்தில். ஆடினதுக்காக அபராதம், தற்காலிகப் பூட்டு. "ஆடக் கூடாது" போர்டுகள் இப்படித்தான் சுவரில் ஏறின.

லைசென்ஸ் வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். மண்டல விதி ஒத்துக்கிற தெருவில் கடை இருக்கணும், தீயணைப்பு, கட்டடம், மின்சாரம் என்று ஒவ்வொரு துறையிடமும் அனுமதி, கேமரா, அந்தந்த வட்டாரக் குழுவுக்குத் தகவல். வக்கீல் வெச்சு, மாசக்கணக்கில் அலையணும். பெரிய கிளப் தாங்கும். முப்பது நாற்காலி போட்ட பார் தாங்காது. 2017-ல கணக்குப் பார்த்தபோது, நகரத்தில் இருந்த ஏறக்குறைய 25,000 சாப்பாட்டு, மதுக் கடைகளில் கேபரே லைசென்ஸ் இருந்தது 97-க்கு மட்டும்.

அப்போ மீதி இடங்களில் யாருமே ஆடலையா? ஆடினாங்க. அதனால் எல்லாருமே சட்டத்தை மீறினவங்க. எல்லாரும் மீறுகிற ஒரு சட்டம் இருக்கும்போது, யார் மேல் அதைப் பிரயோகிப்பது என்பது அதிகாரியின் விருப்பம் ஆகிவிடுகிறது. லத்தீன் மக்கள் வருகிற பார், கறுப்பின மக்கள் வருகிற பார், தன்பாலின ஈர்ப்பாளர்கள் வருகிற பார், இங்கெல்லாம்தான் இந்தத் தடி அதிகமா சுழன்றது என்பது கடைக்காரர்களும் ஆர்வலர்களும் திரும்பத் திரும்பச் சொன்ன புகார்.

"ஆனால் பாதுகாப்பு வேண்டாமா?"

இது நியாயமான கேள்வி. இதைத் தாண்டிப் போகக் கூடாது.

1990 மார்ச் 25. பிராங்க்ஸில் ஹாப்பி லேண்ட் என்ற அனுமதி இல்லாத கிளப். பெரும்பாலும் ஹோண்டுராஸில் இருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் வாசலில் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தான். 87 பேர் இறந்துபோனார்கள். அவசர வழி இல்லை, தண்ணீர் தெளிக்கும் கருவி இல்லை. இதில் வயிறு எரிகிற விஷயம், அந்த இடத்தை மூடச் சொல்லி 1988-லேயே மாநகராட்சி உத்தரவு போட்டிருந்தது. யாரும் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

இதைக் காட்டி, கட்டுப்பாடு வேணும் என்றார்கள். கட்டுப்பாடு வேணும்தான், சந்தேகமே இல்லை. ஆனால் எந்தக் கட்டுப்பாடு? அந்தப் பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றியிருக்கக்கூடியது இன்னொரு வாசல், ஒரு தெளிப்பான், அலாரம், உத்தரவு நிறைவேறியதா என்று பார்க்க ஓர் அதிகாரி. இதெல்லாம் தீயணைப்பு விதியிலும் கட்டட விதியிலும் ஏற்கெனவே இருக்கு. நூறு பேர் உட்கார்ந்து சாப்பிட்டாலும், நூறு பேர் ஆடினாலும், தீப்பிடித்தால் அந்த நூறு பேரும் வெளியே வரணும். ஆட்டத்துக்கு மட்டும் தனி லைசென்ஸ் வைத்தால் என்ன ஆகும்? ஆட விரும்புகிறவர்கள் ஆடுவதை நிறுத்த மாட்டாங்க. யாரும் பரிசோதனைக்கு வராத கோடவுனுக்குப் போவாங்க.

2016 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஓக்லாண்டில் அதுதான் நடந்தது. கோஸ்ட் ஷிப் என்று அழைக்கப்பட்ட ஒரு பழைய கோடவுன், இசை நிகழ்ச்சி, தீ, 36 பேர் சாவு. நியூயார்க்கில் கேபரே சட்டத்தை எடுக்கணும் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் இந்தச் சம்பவத்தைக் காட்டித்தான், ஆட்டத்தை இருட்டுக்குள் தள்ளுவதுதான் ஆபத்து என்று வாதாடினார்கள்.

சட்டம் போனது, முடிச்சு மிச்சம்

2014-ல ப்ரூக்ளினில் சொந்தமா பார் நடத்திய ஆண்ட்ரூ மச்மோர் என்ற வக்கீல், கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். இன்னொரு பக்கம் ஆர்வலர்கள் கூட்டம் போட்டு, மனு எழுதி, நகர சபைக் கதவைத் தட்டினார்கள். ரஃபேல் எஸ்பினால் என்ற உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார். 2017 அக்டோபர் 31-ல நகர சபை சட்டத்தை நீக்க ஓட்டுப் போட்டது. நவம்பரில் மேயர் பில் டி பிளாசியோ கையெழுத்துப் போட்டார். பெரிய இடங்களுக்கு கேமரா வேணும், பாதுகாவலர்கள் முறையா லைசென்ஸ் வாங்கியவர்களா இருக்கணும் என்ற விதிகளை மட்டும் வெச்சுக்கிட்டாங்க. அதே வருஷம் இரவு வாழ்க்கைக்கென்றே மாநகராட்சியில் ஒரு தனி அலுவலகத்துக்கும் சட்டம் ஆச்சு. 2018-ல அதன் முதல் தலைவரா ஏரியல் பாலிட்ஸ் வந்தார். அவர் முன்னாடி கிளப் நடத்தியவர். எலியை விரட்டுகிற மாதிரி கிளப்பை விரட்டாமல், கடைக்காரருக்கும் தூக்கம் கெட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கும் நடுவில் உட்கார்ந்து பேச ஒருத்தர் வேணும் என்பது அந்தப் பதவியின் அடிப்படை.

இப்போ அந்த மூணு பூட்டு. கேபரே லைசென்ஸ் என்ற பூட்டு போச்சு. ஆனால் மண்டல விதியில், ஆடும் இடம் என்றால் தனிப்பிரிவு என்ற வரி அப்படியே இருந்தது. அதனால் 2017-க்குப் பிறகும் நகரத்தின் பல தெருக்களில் ஒரு சின்ன பார் ஆடும் இடமா இருக்க முடியாது. செய்தித்தாள் எல்லாம் "இனி ஆடலாம்" என்று எழுதிய பிறகு இன்னும் ஏழு வருஷம் ஆச்சு. 2024 ஜூனில் வந்த பெரிய மண்டல விதித் திருத்தத்தில்தான் ஆட்டத்தை வைத்துப் பிரிக்கும் அந்த முறையும் போனது. இப்போது முக்கியக் கணக்கு, உள்ளே எத்தனை பேர் கொள்ளும் என்பது. ஆளைப் பார்த்து இல்லை, ஆட்டத்தைப் பார்த்து இல்லை, எண்ணிக்கையைப் பார்த்து. முதலிலேயே இதைச் செய்திருக்கலாம்.

அவன் சொன்னதும் நான் சொன்னதும்

ஆரம்பத்தில் வைத்த கேள்விக்கு வர்றேன். 2012-ல அந்த பார்க்காரர் பொய் சொல்லவில்லை. சட்டம் நிஜமாவே இருந்தது, அபராதமும் நிஜம். அவர் பயந்தது எங்களைப் பார்த்து இல்லை. அந்த வகையில் நான் சொன்னது சரி.

ஆனால் என் நண்பனுக்கு ஏன் உடனே அப்படித் தோணுச்சு என்பதையும் இப்போ நான் வேற மாதிரிப் பார்க்கிறேன். அந்தச் சட்டத்தின் 91 வருஷக் கதையை எடுத்துப் பார்த்தால், "இது உங்க மாதிரி ஆட்களுக்கு இல்லை" என்ற செய்தியைத்தான் அது பலருக்கும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கு. சட்டத்தின் எழுத்தில் அது இல்லை. ஹாலிடேக்கும் பார்க்கருக்கும் மங்க்குக்கும் அது என்ன செய்ததோ, அதில் இருக்கு. அவன் கதை தெரியாமலே சரியாப் பிடிச்சிட்டான்.

இந்த எபிசோடுக்காக விவரம் சேர்த்ததும் அவனுக்கு போன் பண்ணினேன். எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துட்டு, "அப்ப அந்த பியானோக்காரர் ஆறு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தாராடா?" என்று கேட்டான். சும்மா இல்லை, வீட்டில் வாசிச்சிட்டு இருந்தார் என்றேன்.

இந்த வாரம் நேரம் கிடைத்தால் மங்க் வாசித்த ஏதாவது ஒண்ணைக் கேளுங்க. உங்க ஊரில் சின்னக் கச்சேரி இடம், நாடக இடம், பாட்டுக்கூடம் ஏதாவது லைசென்ஸ் சிக்கலில் மாட்டின கதை தெரிந்தால் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.